விலையில்லா வீரரின் விலை

2021ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 10ஆம் திகதி லியோனல் மெஸ்ஸி பாரிஸ் நகரில் வந்திறங்கினார். அவரைப் பெற்றுக்கொள்வதற்காக பாரிஸ் சென் ஜேர்மைன் உதைபந்தாட்டக் கழகம் பார்சிலோனாவுக்குச் செலுத்திய இடமாற்றுத் தொகை ஒரு சதமேனும் இல்லை. அதற்கு ஓராண்டுக்கு முன்னர் அதே வீரர் பார்சிலோனாவை விட்டு விலக விரும்பியபோது, ஒப்பந்தத்தில் குறிக்கப்பட்ட 700 மில்லியன் யூரோவைச் செலுத்தினால் மட்டுமே செல்லலாம் என்பது கழகத்தின் பதிலாக இருந்தது. ஒரு வருட காலத்தில் 700 மில்லியன் பூச்சியமாகியது. வீரர் மாறவில்லை, அவரது இடது காலின் வித்தையும் மாறவில்லை. இடையில் முடிந்துபோனது ஒப்பந்தம் ஒன்றே.

இவ்வாறு ஒப்பந்தக் காலம் முடிவடைந்து, எந்தக் கழகத்துக்கும் கட்டுப்படாது நிற்கும் நட்சத்திர வீரர் ஒருவரைப் பெருஞ்சம்பளம் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளலாமா என்ற கேள்வி ஆண்டுதோறும் ஜூன், ஜூலை மாதங்களில் ஐரோப்பியக் கழகங்களின் நிர்வாக அறைகளில் எழுகின்றது. இரசிகர்களிடம் கேட்டால் பதில் ஒன்றே: "சும்மா கிடைக்கும் வீரரை எவராவது விடுவார்களா?" இந்தச் "சும்மா" என்ற சொல்லிலேதான் சிக்கல் அனைத்தும் அடங்கியுள்ளது. விடை வீரரின் பெருமையில் தங்கியிருக்கவில்லை. அவரை அழைக்கும் கழகத்தில் எந்த இடம் வெறுமையாக இருக்கின்றது என்பதிலேயே தங்கியுள்ளது. இதற்கு மெஸ்ஸியை விடச் சிறந்த சான்று கிடையாது. ஏனெனில் அவர் இரண்டு ஆண்டு இடைவெளியில் இரு தடவைகள் இவ்வாறு விடுபட்ட வீரராக நின்றார். இரு கழகங்கள் அவரை எடுத்தன. இரண்டுக்கும் கிடைத்த பலன் ஒன்றல்ல.

இந்நிலைமை எவ்வாறு தோன்றியது என்பதைச் சற்று நோக்குதல் அவசியம். ஒரு காலத்தில் ஒப்பந்தம் முடிந்த பின்னரும் வீரர் கழகத்தின் உடைமையைப் போலவே கருதப்பட்டார். பெல்ஜியத்தின் லியேஜ் கழகத்துக்கு விளையாடிய ஜோன் மார்க் பொஸ்மன் என்பவரின் ஒப்பந்தம் 1990ஆம் ஆண்டு முடிவடைந்தது. பிரான்ஸின் டன்கேர்க் கழகத்துக்குச் செல்ல அவர் விரும்பினார். லியேஜ் கழகமோ இடமாற்றுத் தொகை பற்றிய உறுதி கிடைக்காமல் அவரை விட மறுத்தது. தங்கியிருக்க வேண்டுமாயின் முன்னைய சம்பளத்தில் நான்கிலொரு பங்கே தரப்படும் என்றது. பொஸ்மன் நீதிமன்றம் சென்றார். 1995 டிசெம்பர் 15ஆம் திகதி ஐரோப்பிய நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, ஒப்பந்தம் முடிந்த வீரருக்காக இடமாற்றுத் தொகை கோருவது தொழிலாளரின் சுதந்திர நடமாட்ட உரிமைக்கு முரணானது எனக் கூறியது. அன்று முதல் உதைபந்தாட்டத்தின் பொருளாதாரமே தலைகீழாகியது எனலாம்.

தீர்ப்பு நியாயமானது. வேலை முடிந்த பின்னரும் ஒருவரைக் கட்டி வைத்திருக்க எந்த முதலாளிக்கும் உரிமை இல்லை. ஆனால் அதன் முதற் பலியானது பேராசை பிடித்த பணக்காரக் கழகம் அல்ல. 1995இல் ஐரோப்பிய சம்பியனாக வந்த அம்ஸ்டர்டாமின் அஜெக்ஸ் கழகம், தான் வளர்த்தெடுத்த எட்கர் டேவிட்ஸை 1996இலும், அந்த இறுதிப் போட்டியின் வெற்றிக் கோலைப் போட்ட பட்ரிக் குளூய்வர்ட்டை 1997இலும் ஏ.சி. மிலான் கழகத்திடம் எதுவித தொகையுமின்றி இழந்தது. வழக்குத் தொடுத்த பொஸ்மனோ தமது விளையாட்டு வாழ்வை அந்த வழக்கிலேயே தொலைத்தார். அவர் திறந்த கதவினூடாகச் சென்று பொருளீட்டியவர்கள் வேறு பலர்.

இனி "சும்மா" என்பதன் கணக்கைப் பார்ப்போம். ஒரு கழகம் 23 வயது வீரர் ஒருவரை 80 மில்லியன் யூரோவுக்கு வாங்கி, ஐந்தாண்டு ஒப்பந்தமும் வருடமொன்றுக்கு 12 மில்லியன் சம்பளமும் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். கணக்கேட்டில் அந்த 80 மில்லியன் ஐந்தாகப் பிரிக்கப்பட்டு ஆண்டுக்கு 16 மில்லியனாகப் பதியப்படும். எனவே அவரது வருடச் செலவு 28 மில்லியன். மறுபுறம், 32 வயதுடைய நட்சத்திர வீரர் ஒருவர் இடமாற்றுத் தொகையின்றி வருகின்றார். அவர் கேட்கும் சம்பளம் 25 மில்லியன். இடமாற்றுத் தொகை மிச்சமாகின்றது என்பது அவருக்கும் அவரது முகவருக்கும் தெரியாததல்ல. ஆதலால் கையொப்பத்துக்கென 15 மில்லியனும் முகவருக்கு 6 மில்லியனும் கேட்கப்படுகின்றது. மூன்றாண்டு ஒப்பந்தத்தில் இவற்றைப் பிரித்தால் வருடச் செலவு 32 மில்லியனாகின்றது. விலைகொடுத்து வாங்கிய வீரரை விட இலவச வீரர் ஆண்டுக்கு 4 மில்லியன் அதிகமாக விழுங்குகின்றார்.

வேறுபாடு இத்துடன் முடியவில்லை. 23 வயது வீரரை மூன்றாண்டுகளின் பின் 60 மில்லியனுக்கு விற்கலாம். 32 வயது வீரர் மூன்றாண்டுகளின் பின் 35 வயதில் மீண்டும் இலவசமாகவே வெளியேறுவார். முன்னையவர் தோல்வியுற்றாலும் விற்றுத் தப்பலாம். பின்னையவரை எவர் அந்தச் சம்பளத்துடன் ஏற்பார்? 2000ஆம் ஆண்டு நெதர்லாந்தின் வின்ஸ்டன் பொகார்ட் பார்சிலோனாவிலிருந்து இடமாற்றுத் தொகையின்றி இங்கிலாந்தின் செல்சி கழகத்துக்கு வந்தார். வாரமொன்றுக்கு சுமார் 40,000 பவுண் சம்பளம், நான்காண்டு ஒப்பந்தம். அவர் வந்த சில வாரங்களில் பயிற்றுவிப்பாளர் நீக்கப்பட்டார். புதியவருக்கு இவர் தேவைப்படவில்லை. 2004 வரை பொகார்ட் நாள்தோறும் பயிற்சிக்கு வந்து சென்றார். அந்நான்கு ஆண்டுகளில் அவர் ஆடிய லீக் போட்டிகள் 9. அவரைப் பலரும் பரிகசித்தனர். ஆனால் கையொப்பமிட்ட கழகம் தனது சொல்லைக் காக்க வேண்டும் என்று அவர் எதிர்பார்த்ததில் என்ன தவறு என்பது விளங்கவில்லை.

பெரும் ஜேர்சி விற்பனையால் சம்பளம் திரும்பக் கிடைத்துவிடும் என்ற வாதமும் வழமையாக முன்வைக்கப்படுகின்றது. வீரரின் பெயர் பொறித்த சட்டை விற்பனையாகும்போது அதன் பெரும்பங்கு தயாரிப்பு நிறுவனத்துக்கும் கடைக்காரருக்குமே செல்கின்றது. கழகத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு சிறு சதவீதமே. எமது கரையோர மைதானங்களில் மாலை வேளைகளில் காணப்படும் மெஸ்ஸி சட்டைகளில் பாரிஸுக்கோ பார்சிலோனாவுக்கோ பணம் சேர்த்தவை எத்தனை என்பதை வாசகர்களே அறிவர்.

2021ஆம் ஆண்டுக் கோடைகாலத்தில் பாரிஸ் கழகம் செய்தது இந்த விடயத்தை ஆராய்வோருக்கு ஒரு பாடசாலை போன்றது. கட்டார் விளையாட்டு முதலீட்டு நிறுவனம் 2011இல் கையகப்படுத்திய அக்கழகம், அந்த ஒரே பருவத்தில் நான்கு புகழ்பெற்ற வீரர்களை இடமாற்றுத் தொகையின்றிச் சேர்த்தது. பார்சிலோனாவிலிருந்து மெஸ்ஸி, ரியல் மட்ரிட்டிலிருந்து சேர்ஜியோ ராமோஸ், லிவர்பூலிலிருந்து ஜோர்ஜினியோ வைனால்டம், ஏ.சி. மிலானிலிருந்து கோல்காப்பாளர் ஜியன்லூயிஜி டொன்னரும்மா. உலகின் எந்தக் கழகமும் இதுவரை செய்யாத கொள்வனவு என ஊடகங்கள் வியந்தன.

ராமோஸுக்கு அப்போது 35 வயது. காயத்தினால் முதற் பருவத்தின் பெரும்பகுதியை அவர் பார்வையாளராகவே கழித்தார். வைனால்டம் ஓராண்டின் பின் இரவலாக ரோமா கழகத்துக்கு அனுப்பப்பட்டார். மெஸ்ஸி இரண்டு பருவங்களில் 75 போட்டிகளில் 32 கோல்களைப் போட்டார். இரு தடவையும் பிரெஞ்சு லீக் கிண்ணம் கிடைத்தது. கேட்பதற்கு நல்ல கணக்கு. ஆனால் மெஸ்ஸி வருவதற்கு முந்திய ஒன்பது பருவங்களில் ஏழில் அந்தக் கிண்ணத்தை பாரிஸ் கழகம் அவரின்றியே வென்றிருந்தது. அவர்களுக்குக் கிட்டாதிருந்தது ஐரோப்பிய சம்பியன்ஸ் லீக் கிண்ணம் ஒன்றே. அதற்கான போட்டிகளில் 2022 மார்ச்சில் ரியல் மட்ரிட்டிடமும் 2023 மார்ச்சில் பயேர்ன் மியூனிச்சிடமும், இரு தடவையும் 16 அணிகளின் சுற்றிலேயே தோல்வி.

காரணம் மெஸ்ஸியின் திறமைக் குறைவு அல்ல. அணியின் முன்வரிசையில் நெய்மாரும் கிலியன் எம்பாப்பேயும் ஏற்கனவே இருந்தனர். பந்து எதிரணியின் காலுக்குச் சென்றதும் அதனைத் துரத்திப் பிடிக்கும் வேலையை மூவரும் பெரும்பாலும் மற்றவர்களிடமே விட்டனர். பதினொருவர் ஆட்டத்தில் எட்டுப் பேர் காவல்புரிந்தனர். கழகத்துக்குத் தேவைப்பட்டது நடுக்களத்தில் ஓயாது ஓடும் கால்கள். அது வாங்கியதோ நிறைந்திருந்த முன்வரிசைக்கு மேலுமொரு மகுடம். அந்த 2021-22 நிதியாண்டில் கழகத்தின் நட்டம் ஏறத்தாழ 369 மில்லியன் யூரோ. 2022 செப்டெம்பரில் ஐரோப்பிய உதைபந்தாட்டச் சங்கம் நிதி விதிமீறலுக்காக 65 மில்லியன் யூரோ அபராதம் விதித்து, அதில் 10 மில்லியனை உடனடியாகவும் மிகுதியை நிபந்தனையுடனும் நிர்ணயித்தது.

கட்டார் உரிமையாளர்களுக்கு வேறொரு கணக்கும் இருந்திருக்கலாம் என்பதையும் மறுப்பதற்கில்லை. 2022 டிசெம்பர் 18ஆம் திகதி லுசைல் மைதானத்தில் நடைபெற்ற உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் ஒருபுறம் மெஸ்ஸி, மறுபுறம் மூன்று கோல்களைப் போட்ட எம்பாப்பே; இருவரும் பாரிஸ் கழகத்தின் சம்பளப் பட்டியலில் இருந்தவர்கள். ஆர்ஜன்டீனத் தலைவரின் தோளில் கட்டார் அமீர் பிஷ்த் அங்கியை அணிவித்த காட்சியை எமது வாசகர்களில் பலர் நள்ளிரவு கடந்தும் விழித்திருந்து கண்டிருப்பர். ஒரு நாட்டின் மதிப்புக்கான செலவு என்று கொண்டால் அது வேறு விடயம். அத்தகைய பணப்பெட்டி இல்லாத கழகமொன்று அதனைப் பின்பற்ற முற்படுவதுதான் ஆபத்து.

நால்வரில் எஞ்சியவர் டொன்னரும்மா. வந்தபோது அவருக்கு வயது 22. 2022இல் ரியல் மட்ரிட்டுக்கு எதிராக அவர் விட்ட தவறிலிருந்துதான் தோல்வி ஆரம்பித்தது. ஆயினும் இளைஞரான அவருக்குக் கழகம் காலம் கொடுத்தது. 2025 மார்ச்சில் லிவர்பூலின் அன்ஃபீல்ட் மைதானத்தில் பெனல்டி உதைகளைத் தடுத்து அணியைக் கரைசேர்த்தவர் அவரே. அதே ஆண்டு மே 31ஆம் திகதி மியூனிச் நகரில் இன்டர் மிலானை 5 - 0 எனத் தோற்கடித்து பாரிஸ் கழகம் முதன்முறையாக ஐரோப்பியக் கிண்ணத்தைத் தூக்கியது. அப்போது மெஸ்ஸியும் இல்லை, நெய்மாரும் இல்லை, எம்பாப்பேயும் இல்லை. இரண்டு கோல்களைப் போட்டவர் 19 வயதான டெசிரே டுவே. இதை ஏழையின் வெற்றி என எவரும் மயங்கிவிடக் கூடாது. டுவேக்கும், ஜோவா நெவஸுக்கும், குவரட்ஸ்கேலியாவுக்கும் கோடிக்கணக்கில் இடமாற்றுத் தொகை கொடுக்கப்பட்டது. பணத்தின் அளவு குறையவில்லை. அது சென்ற திசையே மாறியது.

அவ்வாறாயின் விடுபட்ட நட்சத்திரங்களை எடுக்கவே கூடாதா? அப்படியும் கூற முடியாது. 2001இல் சொல் கேம்பல் டொட்டன்ஹாமிலிருந்து அதன் பரம வைரியான ஆர்சனலுக்கு இடமாற்றுத் தொகையின்றிச் சென்றார். பழைய நண்பர்கள் அவரைத் துரோகி என்றனர். ஆனால் ஆர்சனலின் தற்காப்பு வரிசைத் தூணாக நின்ற டோனி அடம்ஸ் ஓய்வை நெருங்கியிருந்த வேளை அது. கேம்பலுக்கு வயது 26. முதற் பருவத்திலேயே இரட்டைக் கிண்ணம். 2003-04இல் லீக் பருவம் முழுவதும் தோல்வியின்றிச் சம்பியன். 2011இல் மிலானை விட்டு 32 வயதில் ஜுவென்டஸுக்கு வந்த அன்ட்ரியா பிர்லோ, நடுக்களத்தில் பந்தைப் பகிர்ந்தளிக்க ஆளின்றித் தவித்த அணிக்கு அடுத்தடுத்து நான்கு இத்தாலியச் சம்பியன் பட்டங்களில் பங்களித்தார். 2014இல் டோர்ட்முண்டிலிருந்து பயேர்ன் மியூனிச் எடுத்த ரொபர்ட் லெவன்டோஸ்கி எட்டு ஆண்டுகளில் 375 போட்டிகளில் 344 கோல்கள் போட்டார். பின்னர் 33 வயதில் அவரை பார்சிலோனாவுக்கு சுமார் 45 மில்லியன் யூரோவுக்கு விற்கவும் பயேர்னால் முடிந்தது. மூவரும் வெறுமையாகவிருந்த அல்லது வெறுமையாகப் போகும் இடத்துக்கு வந்தவர்கள்.

2024இல் எம்பாப்பே பாரிஸிலிருந்து ரியல் மட்ரிட்டுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் இலவசமாகச் சென்றதை இந்த உரைகல்லில் உரைத்துப் பார்த்தல் தகும். 2024-25 பருவத்தில் அவர் 44 கோல்களைப் போட்டு ஸ்பானிய லீக்கின் அதிகூடிய கோல் வீரரானார். ஆனால் லீக்கும் அரசர் கிண்ணமும் பார்சிலோனாவுக்குச் சென்றன. சம்பியன்ஸ் லீக் காலிறுதியில் ஆர்சனல் இரு போட்டிகளிலுமாக 5 - 1 என வென்றது. எம்பாப்பே வந்த அதே கோடையில் ரியலின் நடுக்கள மூளையாக விளங்கிய டோனி குரூஸ் ஓய்வு பெற்றிருந்தார். வெறுமையான இடம் நடுக்களத்தில். புதிய வீரர் வந்ததோ வினீசியஸ் ஜூனியர் ஏற்கனவே ஆடிக்கொண்டிருந்த இடது முன்வரிசைப் பக்கத்துக்கு. எம்பாப்பேயின் வயதைக் கருதும்போது இதைத் தவறு என இப்போதே தீர்ப்பளிப்பது அவசரமாகும். பாரிஸில் கண்ட நெருக்கடியின் சாயல் மட்ரிட்டிலும் தெரிந்தது என்பதை மட்டும் குறிப்பிடலாம்.

பெருங்கழகங்களின் இலாப நட்டத்தைப் பேசும்போது மறக்கப்படும் ஒரு தரப்பினர் உளர். நாட்டைக் கடந்து ஒரு வீரர் விற்கப்படும்போது இடமாற்றுத் தொகையின் ஐந்து சதவீதம், அவரை 12 வயது முதல் 23 வயது வரை பயிற்றுவித்த கழகங்களுக்குப் பகிரப்பட வேண்டும் என்பது ஃபிஃபாவின் விதி. இடமாற்றுத் தொகை இல்லையெனில் அந்த ஐந்து சதவீதமும் இல்லை. பாரிஸ் புறநகரான பொண்டியில் சிறுவன் எம்பாப்பேக்குப் பந்துதைக்கக் கற்றுக்கொடுத்த சிறு கழகம் போன்றவற்றுக்கு, மட்ரிட் பயணத்திலிருந்து இவ்விதியின் கீழ் வரக்கூடியது எதுவுமில்லை. முன்னர் அப்பாதையில் சென்ற பணம் இன்று கையொப்பத் தொகையாகவும் முகவர் கட்டணமாகவும் வேறு பைகளில் விழுகின்றது. இலவச இடமாற்றத்தின் உண்மையான செலவை ஓரளவு சுமப்பவர்கள் புறநகர் மைதானங்களில் பிள்ளைகளைப் பயிற்றுவிப்பவர்களே. இதனைத் திருத்த ஃபிஃபா முன்வருவதற்கான அறிகுறி எதையும் காணோம்.

ஐரோப்பிய உதைபந்தாட்டச் சங்கத்தின் புதிய நிதி விதியோ வேறொரு கதவை அடைத்துள்ளது. 2025-26 பருவம் முதல் சம்பளம், இடமாற்றுத் தொகையின் வருடப் பங்கு, முகவர் கட்டணம் ஆகிய மூன்றும் சேர்ந்து கழக வருமானத்தின் 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆகவே இலவச வீரர் என்ற போர்வையில் சம்பளத்தை ஏற்றுவதால் தப்ப முடியாது. பார்சிலோனா மெஸ்ஸியை இழந்ததும் இத்தகைய கணக்கினாலேயே. அவர் இருந்தால் சம்பளச் செலவு வருமானத்தின் 110 சதவீதமாகும், இல்லாவிடினும் 95 சதவீதம் என அப்போதைய தலைவர் லபோர்டா கூறினார். வேறொரு கழகத்தில் இது வங்குரோத்து எனப்படும்.

இனி மெஸ்ஸியின் இரண்டாவது விடுபடலுக்கு வருவோம். 2023 ஜூலையில் அவர் சென்றடைந்த இன்டர் மியாமி கழகம் அமெரிக்க லீக்கின் கிழக்குப் பிரிவில் கடைசி இடத்தில் கிடந்தது. அணியில் எல்லா இடமும் வெறுமை. மைதானத்தில் கவர்ச்சி இல்லை. லீக்கின் ஒளிபரப்பை வாங்கிய அப்பிள் நிறுவனத்துக்குச் சந்தாதாரர் தேவை. அமெரிக்க விதிகள் சம்பள உச்சவரம்புக்கு அப்பால் மூன்று வீரர்களுக்கு இடமளிக்கின்றன. வீரர் சங்கம் வெளியிட்ட கணக்கின்படி அவரது உறுதிசெய்யப்பட்ட ஊதியம் ஆண்டுக்கு 20.4 மில்லியன் டொலர். அதற்கு மேலாகச் சந்தா வருமானத்தில் ஒரு பங்கும், பிற்காலத்தில் கழகத்தின் உரிமையில் பங்கு பெறும் வாய்ப்பும் ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்டன. அதாவது, அவர் கொண்டுவரும் வருமானத்திலிருந்தே அவரது விலையின் ஒரு பகுதி கொடுக்கப்பட்டது. இந்த வழியை முதலில் திறந்தவர் டேவிட் பெக்கம். 2007இல் ரியல் மட்ரிட்டிலிருந்து லொஸ் ஏஞ்சலிஸுக்கு இலவசமாக வந்தபோது, புதிய கழகமொன்றை 25 மில்லியன் டொலருக்கு வாங்கும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினார். அந்த உரிமையிலிருந்து பிறந்ததே இன்டர் மியாமி.

மெஸ்ஸியுடன் சேர்ஜியோ புஸ்கெட்ஸும் ஜோர்டி அல்பாவும் அவ்வாறே இடமாற்றுத் தொகையின்றி வந்தனர். ஒரு மாதத்தில் லீக்ஸ் கிண்ணம். அதில் மெஸ்ஸி ஏழு போட்டிகளில் பத்துக் கோல்கள். 2024இல் லீக் புள்ளிப்பட்டியலில் முதலிடம். 2025 டிசெம்பர் 6ஆம் திகதி வன்கூவர் அணியை 3 - 1 என வென்று அமெரிக்க லீக்கின் சம்பியன். பாரிஸில் ஆடிய அதே கால்கள், வயதில் மேலும் இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் முதிர்ந்த நிலையில், இதைச் செய்தன.

அந்த இறுதிப் போட்டியுடன் புஸ்கெட்ஸும் அல்பாவும் விளையாட்டிலிருந்து ஓய்வு பெற்றனர். மெஸ்ஸி 2028 வரை ஒப்பந்தத்தை நீடித்துள்ளார். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அவருக்கு 41 வயதாகும். நடுக்களத்திலும் இடது பின்வரிசையிலும் இப்போது இரு இடங்கள் வெறுமையாகின. அவற்றுக்கு இளைஞரை விலைகொடுத்து வாங்குவதா, மீண்டும் ஐரோப்பாவில் ஒப்பந்தம் முடிந்த முதியவர்களைத் தேடுவதா என்ற கேள்வி மியாமி நிர்வாகத்தின் மேசைக்கு வந்து சேர்ந்தது.